மணி அடித்ததும் நின்றவர்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலை. தாயில்பட்டி போகும் வழியில் இருந்த ஒரு பட்டாசு ஆலையின் வாசலில், என்னிடம் பயிற்சி பெற்ற பதினெட்டுப் பெண்களோடு வேனிலிருந்து இறங்கினேன்.

அப்போது சாத்தூரில் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் பாதுகாப்புப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். படித்தது வேதியியல். பட்டாசு ஆலைக்குள் அதுவரை நான் கால் வைத்ததே இல்லை என்பதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆலை முதலாளிக்கு விவரம் தெரிந்த ஆட்கள் கிடைக்கவில்லை. எங்கள் மையத்துக்கோ, படித்து முடித்தவர்களுக்கு வேலை வாங்கித் தர வேண்டியிருந்தது. இரண்டு தரப்பும் பேசி முடிவு செய்தார்கள். பத்து நாள் எங்களிடம் வகுப்பு, பதினோராம் நாள் ஆலையில் தீ ஒத்திகை, பிறகு வெளியார் வந்து நடத்தும் ஒரு தேர்வு, திங்கட்கிழமை முதல் வேலை.

என் வகுப்பில் அச்சங்குளம் பக்கத்திலிருந்து வரும் ஓர் அக்கா இருந்தார். நாற்பது வயதிருக்கும். பல வருஷம் தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டி ஆலையில், வேலை பார்த்தவர். தீயணைப்பானை எப்படிக் கையாள வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்ததை ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பிப்பார். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

ஒத்திகைக்காகப் பட்டாசு மருந்து எதுவும் இல்லாத ஓர் அறையில் அவரையும் இன்னும் மூன்று பேரையும் உட்கார வைத்தோம். நாங்கள் கொண்டுபோன தீயணைப்பான் சுவரோரம் இருந்தது. ஆலையின் போர்மேன் மணி அடித்தார். பக்கத்து அறைகளில் இருந்த பழைய ஆட்கள், மணிச் சத்தம் ஓய்வதற்குள் வெளியே ஓடி மரத்தடியில் நின்றார்கள். எங்கள் அக்கா ஓடவில்லை. நிதானமாக எழுந்து, சிலிண்டரைத் தூக்கி, பின்னை உருவி, தரையைப் பார்த்துக் குழாயைப் பிடித்து அழுத்தினார். வெள்ளைப் பொடி அறை முழுக்கப் பறந்தது. நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

போர்மேன் குரலை உயர்த்தாமல் சொன்னார். "டீச்சர், இந்தக்கா செத்துட்டாக. அவுகளப் பாத்துக்கிட்டு நின்ன மூணு பேரும் செத்துட்டாக."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது என்றேன்.

"துணி மில்லுக்கு அது சரி. இங்கன தீயக் கண்ணு பாக்கிறதுக்கும் ரூமு வெடிக்கிறதுக்கும் நடுவுல பின்னு உருவ நேரம் கெடையாது. கையில இருக்கறத விட்டுட்டு ஓடணும். அம்புட்டுத்தான்."

அந்த அக்கா முகத்தில் பொடியோடு என்னைப் பார்த்தார். "டீச்சர், திங்கக்கெளம நான் எதச் செய்ய? நீங்க சொன்னதயா, இவுக சொல்றதயா?"

பதினெட்டுப் பேரும் என் வாயைப் பார்த்தார்கள். "தெரியலக்கா" என்றுதான் சொல்ல முடிந்தது.

பத்து நாள் நம்பிக்கையோடு சொல்லிக் கொடுத்தது முழுவதும் தப்பா, அந்த ஒன்று மட்டும் தப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. திரும்பி வந்ததும் மையத்தின் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் என்னைவிடக் குழம்பினார். "தேர்வுல அந்தக் கேள்வி கட்டாயம் வரும்மா. நீங்க மாத்திச் சொல்லிக் குடுத்தா மார்க் போயிரும். அடுத்த பேட்ச்சே நமக்குக் கெடைக்காது" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

மறுநாள் தனியாகப் போய் முதலாளியைப் பார்த்தேன். இவர்களை இப்போது வேலைக்கு எடுக்காதீர்கள் என்றேன். "சீசன் ஆர்டர் நிக்கிதேம்மா" என்றார். அந்த அக்கா கேட்ட கேள்வியை அப்படியே அவரிடம் சொன்னேன். "நான் அந்த ரூமுக்குள்ள உக்காந்து வேல பாத்ததில்ல. நீங்களும் பாத்ததில்ல. நாலு நாளு எடுத்துக்கோங்க. ரெண்டு பேருமாச் சேந்து சொல்லிக் குடுங்க" என்று போர்மேனையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

அந்த நாலு நாளும் வகுப்பு ஆலை அறையிலேயே நடந்தது. போர்மேன் ஓடச் சொல்லிக் கொடுத்தார். உராய்ந்தால் ஏன் பற்றுகிறது, நைலான் சேலை ஏன் கூடாது என்று நான் சொன்னேன். அலுமினியப் பொடியில் ஈரம் படக்கூடாது என்று அவருக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. அதை என்னிடம் தணிந்த குரலில் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இரண்டாம் நாள் மணி அடித்தபோது அக்காவை மட்டும் காணோம். பின்வாசல் வழியாக ஓடப் போயிருக்கிறார். வெளிப்பக்கம் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்ததால் கதவு திறக்கவில்லை. முன்பக்கமாகச் சுற்றி வந்து மூச்சிரைக்க நின்றார். "அண்ணாச்சி, ஓடு ஓடுன்னு சொல்றீக. எங்கிட்டு ஓட?"

போர்மேன் தானே போய்ப் பெட்டிகளை இழுத்துப் போட்டார். நானும் கூடச் சேர்ந்து தூக்கினேன். அன்று மாலைக்குள் மற்ற அறைகளின் வாசல்களையும் திறந்து பார்த்தோம். இன்னும் இரண்டு கதவுகள் அடைபட்டிருந்தன.

தேர்வு வந்தது. தீப்பற்றினால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குப் பதினேழு பேர் புத்தகத்தில் உள்ள விடையை எழுதி முழு மார்க் வாங்கினார்கள். அந்த அக்கா மட்டும் "எல்லாரையும் கூப்பிட்டு வெளியே ஓடிவிடுவேன்" என்று எழுதி மார்க்கை இழந்தார். நல்லவேளை, தேறிவிட்டார். தேர்வுக்கு மட்டும் மாற்றி எழுதியிருக்கலாமே என்று கேட்டேன்.

"என்னத்த எளுதிப் பளகுறோமோ அதுதான டீச்சர் அன்னிக்கும் கைக்கு வரும். பயமா இருந்துச்சு" என்றார்.

அந்தக் கேள்வியை மாற்றச் சொல்லி முதலாளியும் எங்கள் பொறுப்பாளரும் சேர்ந்து தேர்வு நடத்துபவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். நான் அந்த மையத்தை விட்டு வரும்வரை பதில் வரவில்லை. பதினேழு பேர் வாங்கிய முழு மார்க்குக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சொல்லிக் கொடுப்பவள் தப்பாகச் சொன்னால் அதற்கு உயிரைக் கொடுக்க வேண்டியவர்கள் அதை நம்பியவர்கள்தான் என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. அதனால் இப்போதெல்லாம் எந்தப் பாடமானாலும், அந்த வேலை நடக்கும் இடத்தில் ஒரு நாள் முழுக்க நின்று பார்க்காமல் வகுப்புக்குள் நுழைய எனக்குத் துணிச்சல் வருவதில்லை.