படித்துறையில் விட்ட மீன்கள்

மகாச்சாய் ஊரில் எங்கள் சந்தே கொசுவை விரட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டுச் சோம்னுக் அண்ணன் மட்டும் வாளியில் கொசுப்புழு வளர்ப்பார். "ஏண்ணே, எங்க ரத்தந்தான் உங்க மீனுக்குத் தீனியா?" என்று கத்துவேன். சிரிப்பார். சூடு சொரணையே கிடையாது மனுஷனுக்கு.

கடையில் விற்கிற தோகை வைத்த சண்டை மீன் அல்ல அவருடையது. வீட்டுக்குப் பின்னாலிருந்த சதுப்பில், நீப்பா பனை மட்டைகளின் இடுக்குத் தண்ணீரில் பிறந்த காட்டு மீன். விரல் நீளம், கறுத்த உடம்பு, பச்சைச் செதில். குடோன் கட்ட லாரி லாரியாக மண் கொட்டிச் சதுப்பை மூடுவதற்கு முன்னால் அள்ளிவந்தார். இனி அந்த மீன் இருப்பது அவர் வீட்டு ஜாடிகளில்தான். ஒன்றையொன்று பார்த்தால் முட்டிக்கொள்ளும் என்று ஜாடிகளுக்கு நடுவே அட்டை வைத்திருந்தார். தோகை மீனோடு இணை சேர்க்க வேண்டும் என்று ஒரு வியாபாரி வந்து கேட்டான்.

"சதுப்புதான் போச்சு. இதுவும் கலந்துட்டா அங்க என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? போப்பா" என்று அனுப்பிவிட்டார்.

அப்புறம் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. டாக்டரே கையை விரித்துவிட்டார். ஓர் உயிர் பிழைக்க வேறு உயிர்களை விடுவிப்பது எங்கள் வழக்கம். சந்தையில் வெட்டப்போகிற மீனை வாங்கித் தண்ணீரில் விடுவோம். அண்ணன் மனைவி லம்யோங்குக்கு அது போதவில்லை.

அண்ணன் பிழைத்து வீடு வந்தார். நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். அட்டைகள் அப்படியே நின்றன. ஜாடிகளில் வெறும் தண்ணீர்.

"காசு குடுத்து வாங்கின மீனை விட்டா என்னங்க புண்ணியம்? நீங்க அடைச்சு வச்ச பாவந்தான் உங்களைப் படுத்துது. அதான் எல்லாத்தையும் விட்டுட்டேன், குஞ்சுகூட மிச்சம் வைக்கல" என்றாள் லம்யோங்.

"எங்க விட்ட?" என்றார் அண்ணன்.

"கோயில் படித்துறைல."

எனக்குப் பகீரென்றது. அங்கே ரொட்டிக்கு வாய் பிளந்து கிடக்கும் கெளுத்திகள் ஒவ்வொன்றும் தொடை தண்டி. 'அடிப் பாவி!' என்று தொண்டை வரை வந்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

"உள்ள போயிடுச்சா?" என்று அவளைக் கேட்டார்.

"கண்ண மூடித் திறக்கறதுக்குள்ளங்க. ஒண்ணுகூட மேல வரல."

"நல்லது பண்ணின" என்றார். கஞ்சியைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்து நான்தான் அழுதேன்.

இப்போது விரத நாள்தோறும் லம்யோங் அவரைக் கைத்தாங்கலாகப் படித்துறைக்குக் கூட்டிப்போகிறாள். போன தடவை நானும் போனேன். ரொட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, "பாருங்க, நம்ம கோயில் மீனுங்க எப்படிக் கொழுத்துக் கிடக்கு!" என்றாள் சந்தோஷமாக.

"ஆமா" என்று சொல்லி, அவர் ரொட்டியைப் பிய்த்துப் போட்டார்.