பத்து நிமிஷக் கட்டளை

அருப்புக்கோட்டையில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் வேணிக்கு வைத்திருந்த பெயர் 'ரெண்டுதரம்'. சாயங்காலம் கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டுவாள், கேட் வரைக்கும் போவாள், பூட்டினோமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். வீட்டில் கேஸ் அடுப்புக்கும் இதே கதைதான். புருஷன் கணேஷ்குமார் தறியில் நின்றபடியே, வீட்டில் பேசுகிற தெலுங்கில் கிண்டலடிப்பான். சிரிக்கிறவர்களுக்கு என்ன, பயப்படுகிறவளுக்கல்லவா தெரியும்! கை பூட்டிவிடும், மனசு அதைப் பார்த்திருக்காது.

அவள் வேலை லைன் பார்ப்பது. இது 2009-இல் நடந்தது. ஆஸ்பத்திரிக்கு காரியாபட்டியிலும் எம்.ரெட்டியபட்டியிலும் கிளை உண்டு, அங்கே டாக்டர் கிடையாது. எடுக்கிற ஈசிஜி லைன் வழியாக இங்கே வரும், டாக்டர் நவநீதகிருஷ்ணன் பார்த்துச் சொல்வார். பிரேம் ரிலே என்று ஒரே கம்பி. அதற்குள் ஊருக்கொரு பாதை, பாதைக்கொரு நம்பர். ரவுட்டர் பெட்டியில் நம்பரைச் சரியாகப் போட்டால் பாதை உண்டு, தப்பாகப் போட்டால் இல்லை.

ஒரு நாள் மதியம் ரெட்டியபட்டிப் பாதையின் நம்பரை 203 என்று மாற்ற வேண்டும். பழைய நம்பரும் சாயங்காலம் வரை ஓடும் என்று லைன் கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். வேணி இங்கிருந்தபடியே அந்தப் பாதை வழியாக ரெட்டியபட்டி ரவுட்டருக்குள் போய், போன பாதையின் நம்பரையே மாற்ற வேண்டும். தப்பினால் மறுபடி உள்ளே போக வழி கிடையாது; அங்கே யாரும் அணைத்துப் போடவும் முடியாது, பெட்டி பேட்டரியோடு பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது, சாவி இவளிடம். அதற்காகவே எப்போதும் முதலில் ஒரு கட்டளை அடிப்பாள்: பத்து நிமிஷத்தில் நீயாக அணைந்து எழுந்துகொள். எழுந்தால் பழைய நம்பரோடு எழும். வேலை நல்லபடி முடிந்தால் அதை ரத்து செய்துகொள்ளலாம்.

நம்பரை அடித்தாள். 203-க்குப் பதில் 230. என்டர் தட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. திரை அப்படியே நின்றுவிட்டது. பதற்றத்தில் அந்தத் திரை ஜன்னலையும் மூடித் தொலைத்தாள். என்னென்ன அடித்தோம் என்று காட்ட இருந்த ஒரே சாட்சியும் போயிற்று.

சரி, பத்து நிமிஷத்தில் வந்துவிடும். கட்டளை போட்டோமே. போட்டோமா? சுத்தமாக ஞாபகம் இல்லை.

போன் அடித்தது. ரெட்டியபட்டி கிளையில் ஈசிஜி எடுக்கும் ஜெயக்குமார்.

"யக்கா, படம் போக மாட்டேங்குது. அப்பய்யான்னு ஒரு பெரியவரு, பருத்திக் காட்டுல இருந்து நெஞ்சப் புடிச்சிக்கிட்டு வந்திருக்காரு. வேர்த்து ஊத்துது. லைனு எப்ப வரும்?"

படத்தை டாக்டர் பார்க்காமல் யாரையும் அருப்புக்கோட்டைக்கு அனுப்பக் கூடாது என்பது அங்கே சட்டம். பாதிப் பேருக்கு வாயுப் பிடிப்பாகத்தான் இருக்கும்.

பக்கத்தில் நின்ற மேனேஜர் ராஜகுரு பத்து விரலையும் விரித்துக் காட்டினார். "பத்து நிமிஷம்னு சொல்லும்மா. நீ அந்தக் கட்டளை போடாம தொட மாட்ட, எனக்குத் தெரியாதா?"

எல்லாருக்கும் அவள் கையை நம்ப முடிகிறது. அவளுக்குத்தான் முடியவில்லை. வேலை நிரந்தரமாக இன்னும் ரெண்டு மாசம் இருந்தது.

"ஜெயக்குமாரு, நான் நம்பரத் தப்பா அடிச்சு லைனக் கெடுத்துட்டேன். வந்தாலும் வரும், வராமலும் போகும். அவுகள உக்கார வைக்காத. ஆட்டோவோ காரோ, கெடச்சதுல உடனே ஏத்து. டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"ஏம்மா, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? நீயே ஊருக்கெல்லாம் தண்டோரா போடுறியே!" என்று ராஜகுரு தலையில் அடித்துக்கொண்டார்.

மாடிக்கு ஓடி டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்து கடிகாரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று. பெட்டி எழுந்து வர இன்னும் ரெண்டு நிமிஷம், அதுவும் ஆயிற்று. பதினைந்து. இருபது. முப்பத்தைந்து. ரெட்டியபட்டிக்கு நேரே 'இந்தப் பக்கம் சரி, அந்தப் பக்கம் பதில் இல்லை' என்பதற்கான அதே வார்த்தைதான் திரையில் நின்றது.

கட்டளை போடவில்லை. நிச்சயமாகப் போடவில்லை.

அந்த நேரத்தில் வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரனை விடாமல் அடித்தபடி வந்து நின்றது. அப்பய்யாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் மனைவி லிங்கம்மாள் பருத்தி பறித்துப் போட்ட மடியை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் பின்னாலேயே ஓடினாள். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் கீழே இறங்கி வந்தார். "அட்டாக்தான். பொழைச்சிட்டாரு. லைனை நம்பி அங்கயே உக்காந்திருந்தா போயிருப்பாரு." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

வேணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ராஜகுரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"போடலைன்னு அப்பவே தெரியுமாம்மா?"

"தெரியாது சார். போட்டேன்னும் தெரியல."

நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் ரெட்டியபட்டிக்குப் போய் அவளே சரிசெய்துவிட்டு வர வேண்டும், நடந்ததை எழுதியும் கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சாயங்காலம் ரூமைப் பூட்டிவிட்டு நடந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் கால் தானாக நின்றது. திரும்பிப் பார்த்தாள். ராஜகுரு பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தார். வழக்கமாக 'என்ன ரெண்டுதரம்!' என்று கத்திவிட்டுப் போகிற ஆள், இன்று வண்டியை அணைத்தார்.

"போயிப் பாத்துட்டு வாம்மா. நான் நிக்கிறேன்."

போய் இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது.