திட்டாத டாக்டர்

பஸ்ராவில் காலமெல்லாம் டாக்சி ஓட்டிய ஷன்ஷல் சர்க்கரை வியாதிக்காரர். ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து டாக்டர் சுஆத் தினமும் அவரைத் திட்டுவாள்.

"சர்க்கரை போட்டு டீ குடிச்சீங்கன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன், ஹாஜி!"

"நீ வராட்டி நான் பொழச்சுக்குவேன், மகளே."

இன்று ஸ்கேன் முடிவோடு வந்தவள், அவர் மகன் கஸ்வானை வராந்தாவுக்கு அழைத்துப் பேசினாள். இந்த ஊரில் கெட்ட சேதியை எல்லாருக்கும் சொல்வார்கள், கட்டிலில் கிடப்பவனைத் தவிர. திரும்பி வந்து அவர் கட்டிலில் உட்கார்ந்தாள். இதுவரை அவள் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

"டீக்குச் சர்க்கரை வேணும்னா போட்டுக்குங்க, ஹாஜி."

அவள் போனதும், "ஒண்ணுமில்லப்பா, வெறும் வீக்கந்தானாம்," என்றான் கஸ்வான், ஜன்னலைப் பார்த்தபடி.

ஷன்ஷலுக்குள் எதுவும் அசையவில்லை. டீ கிளாஸை மகனிடம் நீட்டினார். "நாலு கரண்டி போடு."

குடித்தார்.

"இன்னும் போடுடா. இனிக்கவே இல்ல."