அடுப்பு பற்றிய பிறகுதான்

ஈஜிபுராவில் எங்கள் தெருமுனையைத் தோண்டிப் போட்டதிலிருந்து எங்கள் பணியார வண்டிக்கு நிலையான இடம் இல்லாமல் போயிற்று. ஒரு நாள் கோயில் ஓரம், மறுநாள் மருந்துக்கடை வாசல். எங்கே நின்றாலும் யாராவது வந்து நகரச் சொல்வார்கள். பழைய வாடிக்கையாளர்கள் எங்களைத் தேடி அலுத்துப் போனார்கள். தினமும் மாவு மிஞ்சியது. என் வீட்டுக்காரர் ஒக்கலிபுரத்தில் ஓர் ஆளிடம் வண்டியை விற்கப் பேசியே விட்டார். நான் பிடிவாதம் பிடித்துப் பச்சை பெயிண்ட் அடிக்க வைத்த வண்டி அது. இன்னொருவர் ஓட்டிப் போக விட எனக்கு மனசில்லை.

எனக்கென்று ஓர் இணையதளம் இருந்தது. கல்யாணத்துக்கு முன் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தபோது ஆசைக்குத் தொடங்கியது. சமையல் குறிப்பும் புலம்பலுமாக எழுதி வைத்திருந்தேன். படித்தது நான் ஒருத்திதான். அதன் உச்சியில் ‘இப்போது நான் இருக்கும் இடம்’ என்று ஒரு வரி சேர்த்து, கீழே ஒரு மேப் வைத்தேன். போனிலிருந்தே மேப்பில் புள்ளியை நகர்த்தலாம். இணையதள முகவரியை வண்டியின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன். பழகிய முகங்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

“இருக்கிற எடத்த ஊருக்கே தண்டோரா போடறியா?” என்றார் வீட்டுக்காரர்.

“ஊரு வராததாலதானே வண்டிய விக்கறீங்க” என்றேன்.

முதல் வாரமே காரியம் கெட்டது. புள்ளியை நகர்த்தும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தேன். இந்த ஊரில் வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவர்கூட போனில் கன்னடத்தில் “பந்தே, பந்தே” என்பார். கிளம்பும் முன்பே வந்துவிட்டதாகச் சொல்வது இங்கே ஒரு மரியாதை. அவரும் மரியாதையாக, வீட்டில் மாவுத் தூக்கை வண்டியில் ஏற்றும்போதே புள்ளியை, அன்று நிற்கப் போகும் நீலசந்திராவில் வைத்துவிட்டார். வந்தவர்கள் வெயிலில் காத்திருந்து திட்டிவிட்டுத் திரும்பினார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு பெண் மட்டும் நின்றிருந்தாள். “அக்கா, நீங்களும் பந்தே பந்தே கேஸ்தானா?” என்று சிரித்தாள். அன்று எனக்கு வந்த கோபத்தில் போனைப் பிடுங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அடுப்பு பற்றிய பிறகுதான் புள்ளி நகரும் என்று சொல்லிவிட்டேன்.

அதன்பின் நான் தவறவேயில்லை. ஆனாலும் சூடு கண்ட பூனைகள் சீக்கிரம் நம்பவில்லை. விற்பதாகப் பேசிய நாளும் வந்தது. சாயங்காலம் நீலசந்திராவில் வண்டியைப் பார்க்க ஒக்கலிபுரத்து ஆளை வீட்டுக்காரர் வரச் சொல்லியிருந்தார். போய் நின்றதும் மழை கொட்டியது. அடுப்பு பற்றிப் பற்றி அணைந்தது.

“ஈ காக்கா இல்ல. சும்மா இப்பவே புள்ளிய போடு, அடுப்பு பத்தலன்னு யாரு பாக்கப் போறாங்க?” என்றார் வீட்டுக்காரர்.

நான் போடவில்லை. தார்ப்பாயை இழுத்துக் கட்டி, ஈரத்தைத் துடைத்து, நீல நெருப்பு நின்று எரிந்த பிறகுதான் புள்ளியை நகர்த்தினேன்.

முதலில் ஒரு குடை வந்தது. அந்த ஆஸ்பத்திரிப் பெண். பின்னால் அவளுடன் வேலை பார்ப்பவர்கள். ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், ஈஜிபுராவின் பழைய முகங்கள் பிளாஸ்டிக் கவரைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தன. கன்னடத்திலும் தமிழிலும் ஆர்டர் வந்து விழுந்தது. குழிக்கல்லில் மாவு ஊற்றி, திருப்பி, எடுத்து என் கை ஓயவில்லை. எனக்குப் பாடவேண்டும்போல் இருந்தது.

மாவுத் தூக்கு காலியானபோது வரிசைக் கடைசியில் ஒக்கலிபுரத்து ஆள் நனைந்து நின்றார். அவரும் மேப்பைப் பார்த்துத்தான் வந்தாராம்.

“வண்டிய எப்ப எடுத்துக்கலாம்?” என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

“வண்டி குடுக்கறதா இல்லண்ணா. மாவும் தீந்துபோச்சு. நாளைக்கு மேப்பைப் பாத்துட்டு சீக்கிரமா வாங்க.”