கீழத்தெரு ரோடு

மேகம் கறுத்துவிட்டால் பேச்சித்தாயின் தையல் மிஷின் நின்றுவிடும். சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டே காலால் செருப்பைத் தேடுவாள். "இந்தா வந்துட்டேன்" என்று வீட்டுக்குள் யாருக்கோ சொல்லிவிட்டுக் கீழத்தெருவைப் பார்க்க நடந்துவிடுவாள். ஜாக்கெட்டுக்குக் காத்திருக்கும் பெண்கள் கோபப்படுவதில்லை. கவுன்சிலருக்கு மழை என்றால் பயம் என்பது ஊருக்கே தெரியும்.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆற்றுக்கும் வாழைத்தோட்டங்களுக்கும் நடுவே கிடக்கும் சின்னப் பேரூராட்சி அது. பேச்சித்தாய் அதில் ஒரு வார்டு உறுப்பினர். மன்றக் கூட்டத்தில் அதிர்ந்து பேசமாட்டாள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பாள். "குடுக்கேன்னு சொல்லுங்க, இல்ல மாட்டேன்னு சொல்லுங்க. பாக்கேன்னு மட்டும் சொல்லாதிய." அப்படிக் கேட்டே தெருவிளக்கு வாங்கினாள், குழாய் வாங்கினாள். மார்கழி வெள்ளம் கீழத்தெருவைக் குதறிப் போட்ட பிறகு சிமெண்ட் ரோடும் வாங்கினாள்.

அந்த ரோடுதான் வினையாயிற்று. போட வந்தவர்கள் பழைய ரோட்டைத் தோண்டி எடுக்காமல் அதன் மேலேயே கொட்டி இழுத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அது யார் கண்ணிலும் படவில்லை. குலவை போட்டார்கள், பேச்சித்தாய்க்கு மாலை போட்டார்கள். ஐப்பசியில் முதல் மழை பெய்தபோதுதான் தெரிந்தது, தெரு உயர்ந்துபோய் வீடுகள் பள்ளத்தில் கிடக்கின்றன என்று. முன்பெல்லாம் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத்து வாய்க்காலில் விழுந்த தண்ணீரை, இப்போது ரோடு கரைபோல் மறித்து வாசல்களுக்குள் திருப்பியது.

அதிலிருந்து இடி இடித்தால் அவளுக்குச் சோறு இறங்காது. "நான் கேட்டு வாங்குன ரோடுல்லா" என்பாள், யாரும் கேட்காமலே. வடிகால் கேட்டு மன்றத்தில் மன்றாடினாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

மழை அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்கவில்லை. கார்த்திகையில் ஒருநாள் காலையில் பிடித்த மழை மத்தியானமாகியும் விடவில்லை. பேச்சித்தாய் போனபோது கீழத்தெரு ஞானையா வீட்டில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அவர் மனைவி கிரேஸி இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடப்பவள். ஞானையா குனிந்து கட்டில் காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மதினியத் தூக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிருவோம். ஆளு கூட்டிட்டு வாரேன்."

"அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரும்மா. எப்படித் தூக்கச் சொல்லுத?" அவர் நிமிரவில்லை. "ரோடு வந்துட்டுன்னு நாங்கதான உனக்கு மால போட்டோம். யாரச் சொல்ல?"

கிரேஸி தலையைச் சாய்த்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிச்செங்கல் முங்கிவிட்டிருந்தது.

பேச்சித்தாய் பேரூராட்சிச் செயல் அலுவலருக்குப் போன் போட்டாள். ரோட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் போய்விடும் என்றாள்.

"ரோட்டுல கை வச்சிராதீங்கம்மா, அரசாங்கச் சொத்து. நாளைக்கு உங்க பதவிக்கே ஆபத்தாயிரும். மோட்டார் அனுப்புறேன், இறைச்சிரலாம்."

காத்திருந்தாள். மோட்டார் வரவில்லை. இரண்டாவது செங்கல்லைத் தண்ணீர் தொட்டது.

தோட்டத்து வேலைக்கு வந்து மழையில் ஒதுங்கி நின்ற ஜேசிபியைத் தேடிப் போனாள். ஓட்டுநர் ஐயம்பெருமாள் தயங்கினான். "எக்கா, கேஸாயிட்டுன்னா வண்டியப் பிடிச்சிருவாங்க."

"பேச்சித்தாய்தான் வெட்டச் சொன்னான்னு சொல்லு. எம்மேல போடட்டும்."

"அது கெடக்கட்டும்க்கா. வாய்க்காலப் பாத்தியளா? ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. வெட்டுனா தெருத்தண்ணி அங்கன போவுமா, வாய்க்கா இங்கன வருமா?"

அவளுக்குத் தெரியாது. குடை பிடித்து நின்றவர்கள் முகத்தைப் பார்த்தாள். ஒருவர் போகும் என்றார். இன்னொருவர் கையை விரித்தார். வாய்க்கால் உள்ளே புகுந்துவிட்டால் எத்தனை செங்கல் வைத்தாலும் அந்தக் கட்டில் நிற்காது.

"பைய வெட்டு" என்றாள். "தோண்டுன மண்ண அங்கனயே வச்சிக்கோ. திரும்புச்சுன்னா ஒடனே மூடணும்."

இயந்திரத்தின் பல் ரோட்டில் இறங்கியது. சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. வெட்டு வீட்டுப் பக்கத்திலிருந்து வாய்க்கால் கரை வரைக்கும் நீண்டு முடிந்தது. அதில் தண்ணீர் நிறைந்தது. நிறைந்து, எந்தப் பக்கமும் போகாமல் அப்படியே நின்றது. ஐயம்பெருமாள் மண் குவியலின் மேல் இயந்திரத்தின் கையைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

மிதந்துகொண்டிருந்த ஒரு சருகு அரைவட்டம் சுற்றியது. வீட்டுப் பக்கம் கொஞ்சம் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அது வாய்க்காலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது, பிறகு ஓடியது.

தெருவே கூச்சலிட்டது. "எறங்குது, எறங்குது!" என்று வீட்டுக்குள்ளிருந்து ஞானையா கத்தினார்.

பேச்சித்தாய் சிரிக்கவில்லை. மேற்கே, வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் மலைப்பக்கம் வானம் இன்னும் இருண்டுகொண்டே வந்தது. வெட்டின ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, வலது கையைத் தண்ணீருக்குள் விட்டு, அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்க்கா, வீட்டுக்குப் போங்க" என்று ஐயம்பெருமாள் டீ கொண்டுவந்து நீட்டினான்.

அவள் இடது கையால் வாங்கிக்கொண்டாள்.