மஞ்சள் பட்டுக் கவுனின் இடது கை

பெரில் ஆல்சாப் எங்கள் ஊர் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவள். பனி கொட்டும் நாட்களில் மற்ற டிரைவர்கள் அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிப்பார்கள். அவள் மட்டும் மேலே ஏறிப்போய், கடைசிப் பண்ணை வீட்டுக்காரரையும் இறக்கிவிட்டுத் திரும்புவாள். அகன்ற தோள், கனத்த கை, கரகரத்த குரல். பட்டுத் துணியைத் தொடுகிற ஆள் என்று பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவள் 1780க்குப் போய்விடுவாள். பழங்காலத்து உடைகளைத் தைத்துப் போட்டுக்கொள்ளும் எங்கள் தையல் குழுவில் அப்படித்தான் சொல்வோம். ஒருத்தி 1660இல் இருப்பாள், இன்னொருத்தி 1810இல். புதிதாக யாராவது வந்தால் பெயருக்கு முன்பே வருஷத்தைக் கேட்போம்.

அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு சுற்றுலாவில். ஓய்வு பெற்றவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய மாளிகைக்குப் போயிருந்தாள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பூப்போட்ட பட்டுக் கவுன் ஒன்று நின்றது. எல்லோரும் முன்னால் நின்று வாய் பிளந்துகொண்டிருக்க, பெரில் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். வண்டியின் அடிவயிற்றைப் பார்க்கிற பழக்கம். கவுனின் உள்பக்கம் ஓரிடத்தில் மடங்கித் தெரிந்தது. தையல் கோணல்மாணல். அக்குளருகே துணி பற்றாமல் துண்டு துண்டாக ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு துண்டில் பூக்கள் தலைகீழாக நின்றன.

“அவசரத்துல தைச்சிருக்கா, எட்னா,” என்று மறுநாள் என்னிடம் சொன்னாள். “மறுநாள் எங்கேயோ விருந்துக்குப் போகணும்போல. ஊசி இழுத்த வேகம் அப்படியே துணியில நிக்குது. இப்பத்தான் எழுந்து போனவ மாதிரி இருந்துச்சு.”

அதற்குப் பிறகு அவள் அந்தக் காலத்திலிருந்து திரும்பி வரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் குழுவில் சேர்ந்தது தைக்க அல்ல. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் குளிப்பாட்டி உடுத்திவிடுவது என் தொழிலாக இருந்தது. நெஞ்சையும் இடுப்பையும் இறுக்கிப் பிடிக்கும் அந்தக் காலத்துக் கச்சுக்கு முதுகில் கயிறு. தானே கட்டிக்கொள்ள முடியாது. கட்டிவிட ஒரு ஆள் வேண்டும், மூச்சு முட்டாத அளவு தெரிந்த ஆள். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இருந்துவிட்டேன்.

அக்டோபர் முதல் ஞாயிறு, தைத்ததைப் போட்டுக்கொண்டு எங்கள் நடை. பூங்காவில் பாண்டு வாசிக்கும் மேடையிலிருந்து பழைய ஊற்றுக்கிணறுவரை, மெதுவாக. அந்த நேரத்தில் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி வந்து மரங்களின் கால்களை மறைத்துவிடும். கச்சு கட்டியவர்கள் குனியமாட்டார்கள், ஓடமாட்டார்கள். மூச்சுகூட மேல் நெஞ்சில்தான் போய்வரும். பாவாடைகள் புல்லில் உரசும் சத்தம் தூரத்து மழைபோலக் கேட்கும். முன்னால் போகிறவர்கள் பனிக்குள் கரைந்து, ஒரு தொப்பியாகவும் ஒரு நாடாவாகவும் மிஞ்சுவார்கள். எனக்குக் கனவு காணும் வழக்கம் இல்லை. ஆனால் பின்னால் நின்று பார்க்கையில், இவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு நடக்கிறார்கள் என்று ஒரு நொடி எனக்கே சந்தேகம் வரும்.

“இதைப் போட்டா நடக்கறது நானில்ல,” என்பாள் பெரில். “யாரோ என்னைக் கடன் வாங்கிட்டுப் போறா.”

கனவு காண்கிறவள்தான், ஆனால் நாக்கு பிளேடு. நடைக்கு ஒரே ஒரு விதி: வெளியே தெரிவது எல்லாம் கைத்தையலாக இருக்க வேண்டும். பெரில் அதற்குப் போலீஸ். கிளம்புமுன் ஒவ்வொருத்தியின் ஓரத்தையும் விரலால் புரட்டிப் பார்ப்பாள். அதிகம் மாட்டுவது கிளெனிஸ். மீன் வறுவல் கடைக்காரி. பட்டிலும் வினிகர் வாசனை வரும். முதுகில் லேஸுக்கு அடியில் ஜிப் வைத்துத் தைப்பாள்.

“என்ன வாத்து இது?” என்றாள் பெரில் ஒருமுறை, எல்லோர் முன்னாலும். எங்கள் ஊரில் யாரையும் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவோம், ராஜாவே வந்தாலும் வாத்துதான். “இந்த ஜிப்பைப் பார்த்தா 1780ல இருக்கறவ பல்லுவெச்ச பாம்புன்னு பயந்து ஓடிருப்பா.”

“ஓடட்டும். கச்சு கட்டிக்கிட்டு எவ்வளவு தூரம் ஓடுறான்னு பார்ப்போம்,” என்றாள் கிளெனிஸ். “எனக்கு மீன் பொரிச்ச நேரம் போகத்தான் ஊசி.”

அந்த மஞ்சள் கவுனை பெரில் மூன்று குளிர்காலம் தைத்தாள். பழுத்த பேரிக்காயின் மஞ்சள். முதுகில் விரல் அகல மடிப்புகள், ஒவ்வொன்றும் எறும்பு ஊர்வதுபோன்ற தையலில். முன்பக்கம் திறந்திருக்கும், திறப்பில் அதே பட்டில் பாவாடை தெரியும். கவுனின் இரண்டு கைகளையும் தாள் மாதிரியின்படி வெட்டி, வலது கையைத் தைத்து முடித்தாள். இடது கை அலமாரித் தட்டில் மடித்துக் கிடந்தது.

பிப்ரவரியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது.

கால் ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது. சில பேர் அதில் வருத்தப்பட்டார்கள். இடது கை திரும்பவில்லை. முழங்கையில் மடங்கி, வயிற்றோடு ஒட்டி நின்றுவிட்டது. இழுத்தால் கொஞ்சம் நீளும், விட்டால் மடங்கும். நான் காலையில் போய் உதவினேன். பாவம் பார்த்துப் போகவில்லை. பக்கத்துத் தெரு, எனக்கு வேலை தெரியும், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் ஒருநாள் அவளே கேட்டாள். “எட்னா, நடைக்கு நான் வரணும். அந்த மஞ்சள்ல. வேற எதுலயும் இல்ல.”

“இடது கையை ஓட்டித் தைச்சு முதல்ல போட்டுப் பார்ப்போம்,” என்றேன்.

கிளெனிஸை வரவழைத்தேன், இன்னொரு ஜோடி கை வேண்டுமே. தற்காலிகமாகக் கையைப் பொருத்திவிட்டுப் போட ஆரம்பித்தோம். பலவீனமான கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் அந்தக் காலத்துக் கவுன் கை தோல்போல இறுக்கம். மடங்கிய முழங்கையில் போய் நின்றது. கொஞ்சம் தள்ளினேன். பட்டு ‘கிர்’ என்றது. பெரில் முகம் வெளுத்தது, வலியாலல்ல.

“நிறுத்து. கிழிஞ்சிடும்.”

கிளெனிஸ் சொன்னாள்: “கையை மேலிருந்து கீழ வரைக்கும் பிளந்து வெல்க்ரோ ஒட்டிடலாம் வாத்து. ரெண்டு நிமிஷ வேலை. யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“உனக்கு மட்டும்தானே?”

“கிணத்தடியில டீக் கப்பைத் தூக்க உடம்பு திரும்புறப்ப அது சர்ர்ருன்னு பிரியும். அந்தச் சத்தம் அந்தக் காலத்துல கிடையாது, கிளெனிஸ். கேட்டவுடனே நான் முழிச்சுக்குவேன். முழிச்சுக்கவா மூணு வருஷம் தைச்சேன்?” நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். “வேற எவளுக்காவது குடுத்துடுங்க. நான் வரல.”

கிளெனிஸுக்குக் கோபம் வந்துவிட்டது. “பெரிய யோக்கியம்! உன் கச்சுக்குள்ள என்ன இருக்கு? அந்தக் காலத்துல வெச்ச திமிங்கல எலும்பா? ஒயர் கட்டற பிளாஸ்டிக் பட்டை! நீயும் நானும் ஒரே ஹார்டுவேர் கடையிலதான் வாங்கினோம்!”

“அது வெளிய தெரியாதுடி!”

“ஓ, வெளிய தெரியாத இடத்துல எதை வேணும்னாலும் வெச்சுக்கலாமா? அப்ப என் ஜிப் மேல மட்டும் ஏன் மேடம் பாஞ்சீங்க? லேஸுக்கு அடியிலதானே கிடந்துச்சு!”

பெரில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோற்றுவிட்டாள் என்று கிளெனிஸ் நினைத்தாள். நானும். ஆனால் அவள் பார்வை தட்டில் கிடந்த பாவாடைமேல் இருந்தது, டிரைவர் வளைவைப் பார்ப்பதுபோல.

“பின்பக்கம்,” என்றாள் மெதுவாக. “பாவாடையோட பின்பக்கம். கவுன் மூடிடும். அந்தக் காலத்துல அங்க பட்டு வைக்கவே மாட்டாங்க, மட்டமான லினன்தான் வைப்பாங்க. நான்தான் ஜம்பத்துக்கு முழுசும் பட்டுல தைச்சேன்.”

“அதை எடுத்து?”

“இன்னொரு கை. தாளைப் பார்த்து வெட்டுனதுதான் தப்பு. தாளுக்கு எங்க முழங்கை இருக்கு? கச்சுமேல டேப்பைச் சுத்தி உடம்பை அளந்தேன். கையைப் புத்தகத்துலேர்ந்து எடுத்துட்டேன். அந்தக் காலத்துல ஆளை நிக்கவெச்சு, உடம்புமேலயே துணியைப் போட்டு வெட்டினாங்க. எல்லாருக்கும் சொல்லிக்குடுத்துட்டு நானே மறந்துட்டேன், பாரு.”

குழுவில் எல்லோரும் செய்கிற தப்பு அது. துணியை வாங்கியதும் கை பரபரக்கும், மாதிரித் தாளை வைத்து ஜோடியாக வெட்டிவிடுவோம்.

பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து அவள் கைமேல் போட்டேன். கையை நீட்டவில்லை. அது எப்படி மடங்கி வயிற்றருகே நிற்க விரும்பியதோ அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றிக் குண்டூசி குத்தினேன். முழங்கையின் வெளிப்பக்கம் துணி அதிகம் கேட்டது, உள்பக்கம் குறைவாக. எடுத்து விரித்தால் வாழைப்பழம்போல வளைந்திருந்தது. தோள்பட்டையைத் தைத்து மூடவில்லை. அதைக் கடைசியில், போட்ட பிறகு, உடம்புமேல் குண்டூசியால் மூடுவது. அந்தக் காலத்தில் முன்பக்கத்தையே ஊசியால்தான் மூடினார்கள், அதனால் பெரிலுக்கு மறுப்பு இல்லை. எனக்கோ, தோள் திறந்திருந்தால் பலவீனமான கையை வலிக்காமல் முதலில் வைத்துவிடலாம் என்ற நிம்மதி.

பாவாடையைப் பிரித்ததில் கிடைத்த பட்டு போதவில்லை. முன்பு வெட்டிவைத்த கவுன் கையிலிருந்து துண்டுகள் எடுத்து ஒட்டுப் போட வேண்டியிருந்தது. தைக்க வேண்டியவள் கிளெனிஸ். என் கண்ணுக்கு ஊசிக் காது தெரியாது. செப்டம்பர் முழுவதும் கடையை மூடிய மதியங்களில் வந்தாள். வாசலில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உட்காருவாள். பெரில் ஒற்றைக் கையால் நூலுக்கு மெழுகு தடவிக் கொடுப்பாள், நாக்கால் அடிப்பாள்.

“அது தையலா, தண்டவாளமா? ஒரு ரயிலே போகலாம்.”

“நீ வாயை மூடுறியா, உதட்டையும் சேர்த்துத் தைக்கவா?”

“தை. கைத்தையலா இருக்கட்டும்.”

நான் ஓட்ஸ் அடையில் சீஸ் வைத்துச் சுட்டுக் கொடுப்பேன். பட்டுப் பக்கம் யாரும் கொண்டுபோகக் கூடாது என்பது என் சட்டம். மதிய வெளிச்சம் அந்த மஞ்சளில் விழுந்து மூன்று பேர் முகத்திலும் திரும்பி அடிக்கும். சில நேரம் பேச்சு நின்று, ஊசி துணியைத் துளைக்கும் ‘டொக்’ மட்டும் கேட்கும். அது எந்த வருஷத்து மதியம் என்று கேட்டிருந்தால் காலண்டரைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பேன்.

நடை நாளன்று முதலில் பாத்ரூம், பிறகுதான் கச்சு. பாவாடை ஏறிவிட்டால் அது பெரும்பாடு. கச்சை இரண்டு விரல் நுழையும்படி கட்டினேன். கட்டியதும் ஒன்று நடந்தது. பிப்ரவரி முதல் இடப்பக்கம் சரிந்தே உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். நான் எத்தனை தலையணை வைத்தும் நிமிராத முதுகு. பிறகு இடது கை. மேலிருந்து மெல்ல வைத்தேன். பட்டு முழங்கையைச் சுற்றி ஒரு முறை முனகி, அடங்கியது. வலது கை. தோளில் ஊசி. முன்பக்கம் ஊசி.

கண்ணாடி முன் நிறுத்தினோம். பழைய ஓவியங்களில் சீமாட்டிகள் ஒரு கையை இடுப்பருகே மடித்து, விரல்களைத் தொங்கவிட்டு நிற்பார்களே, அப்படி நின்றாள். வளைந்த கை அந்தப் பட்டுக் கைக்குள் ஓய்வாக இருந்தது. கிளெனிஸ் அந்த விரல்களுக்கிடையே ஒரு விசிறியைச் செருகினாள். விழவில்லை.

பெரில் ரொம்ப நேரம் பார்த்தாள். “யாருடி இவ?” என்றாள்.

“வாத்து,” என்றாள் கிளெனிஸ்.

மேடையிலிருந்து கிணறுவரை வலக்கையில் ஊன்றுகோலோடு நடந்தாள். நான் இடப்பக்கம், பிடிக்காமல், பிடிக்கும் தூரத்தில். பனி வழக்கத்தைவிட அடர்த்தி. எல்லோரும் எங்களைத் தாண்டிப் போய்க் கரைந்துவிட்டார்கள். அவள் கால் இழுபட்டது. பாவாடைக்குள் அது தெரியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மஞ்சள் விளக்கு வெள்ளைக்குள் மிதந்துபோவதுபோல இருந்திருக்கும். சாலையைக் கடக்கிற இடத்தில் மலை பஸ் வந்து நின்றது. அவள் ஓட்டிய பஸ். இளம் டிரைவர் கண்ணாடியை இறக்கினான்.

“சினிமா எடுக்கறாங்களா?”

“இல்ல வாத்து, நடக்கறோம்,” என்றாள். “கிளட்சை அழுத்தியே வெச்சிருக்காதே, தேஞ்சுடும்.”

கிணற்றடியில் டீ குடித்தோம். கோப்பையை வலது கையால் தூக்கினாள். எந்தச் சத்தமும் வரவில்லை. கோப்பையை வைத்துவிட்டு, பழக்க தோஷம், கவுனின் இடது கை ஓரத்தை விரலால் புரட்டி உள்தையலைப் பார்த்தாள். கிளெனிஸ் மென்றுகொண்டிருந்த கேக்கை அப்படியே நிறுத்தினாள்.

“கோணல்,” என்றாள் பெரில். மறுபடி பார்த்தாள். “இங்க ஒரு துண்டு, இங்க ஒரு துண்டு. அவசரத்துல தைச்சவ. விருந்துக்கு நேரமாச்சுபோல.”

ஓரத்தை மடித்துவிட்டு, விரலை அதன்மேலேயே வைத்திருந்தாள். கிளெனிஸ் கேக்கை விழுங்கினாள். நான், திரும்பும்போது ஏற்றத்தில் நடக்க வேண்டாம், பஸ்ஸிலேயே போகலாம், கதவில் பக்கவாட்டாக ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.