என்னை கேப்டனாகப் போட்டவர்கள்

என் விலை ஒரு காலத்தில் எட்டரை கிரெடிட்டாக இருந்தது. பிறகு எட்டு ஆனது, அப்புறம் ஏழரை. ஏழரைக்கு இறங்கிய அன்று எங்கள் தெருவில் என்ன கேலி நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தையில் மாட்டுக்குக்கூட விலையைத் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். என் விலை எல்லார் போனிலும் என் படத்துக்குக் கீழேயே எழுதியிருந்தது.

மொபைலில் ஆடும் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் நான் அப்போது ஓர் அணிக்காகச் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்டத்தை வைத்து வேறோர் ஆப்பில் தினமும் இன்னொரு போட்டி நடக்கும். அதில் சேருகிறவர்கள் நூறு கிரெடிட்டுக்குள் அடங்கும்படி எங்களில் சிலரைப் பொறுக்கி, தங்களுக்கென்று ஒரு கற்பனை அணி அமைக்க வேண்டும். பொறுக்கப்பட்டவர்கள் நிஜ ஆட்டத்தில் எத்தனை பேரைச் சுட்டு வீழ்த்துகிறார்களோ அத்தனைக்கும் பாயிண்ட். கேப்டன் என்று குறித்தவருக்கு இரட்டிப்பு. காசு கட்டித்தான் சேர வேண்டும். பிற்பாடு சட்டம் வந்து அந்த ஆப்பை மூடியபோது என் மனம் குளிர்ந்தது. அதை மறைக்க எனக்கு ஆசையில்லை.

நால்வர் கொண்ட எங்கள் அணியில் என் வேலைக்கு சப்போர்ட் என்று பெயர். புகைக்குண்டு வீசி மற்றவர்கள் ஓடுவதற்கு மறைப்புக் கொடுப்பேன். தோட்டா தீர்ந்தவனுக்கு என்னிடம் இருப்பதைப் போட்டுவிட்டு வருவேன். முக்கியமாக, அடிபட்டு விழுந்தவனிடம் போய் அவனைத் தூக்கி நிறுத்துவேன். விழுந்தவன் கொஞ்ச நேரம் தரையில் தவழ்ந்துகொண்டிருப்பான்; அதற்குள் யாரும் போகாவிட்டால் செத்துப்போவான். அணித் தலைவர் சென்னைக்காரர். எனக்கு அவர் முகத்தைவிடக் குரல்தான் பழக்கம். "எல்லாரும் சுடுவாங்க ப்ரோ, நீங்க ஒருத்தர்தான் திரும்பிப் பாக்குறீங்க" என்று சொல்லித்தான் என்னை எடுத்தார். சுட்டு எண்ணிக்கை ஏற்றுவது என் வேலையே இல்லை.

அச்சங்குளத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்துதான் ஆடினேன். டேபிள் ஃபேனைப் போன் பக்கம் திருப்பி வைத்திருப்பேன். எனக்கு வேர்த்தாலும் பரவாயில்லை, அது சூடாகக் கூடாது. அந்தப் போன் அண்ணன் தன் தீபாவளி போனஸில் வாங்கிக் கொடுத்தது. தகுதிச் சுற்றைத் தாண்டினால் ஒரு வருட ஒப்பந்தம், சென்னையில் தங்க இடம் என்று பேச்சு இருந்தது. தாண்டாவிட்டால் அண்ணனோடு பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான். வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

ஆப்பில் என் படத்தை முதலில் பார்த்தது அண்ணன்தான். வேனுக்குக் காத்திருந்தவர்களிடம் போனைத் தூக்கிக் காட்டி, "எங்க வீட்டுப் பய லிஸ்ட்டுல வந்துட்டாம்லே" என்றார். அன்று வேனில் ஏறிய ஆண்கள் அத்தனை பேரும் என்னை கேப்டனாகப் போட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. தங்கள் காசை என் தலையில் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கூடாது. வாசலிலேயே காவலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். அதனால் காலையிலேயே டீமைப் போட்டு முடித்துவிடுவார்கள். மத்தியானம் நாங்கள் ஆடும்போது அவர்கள் வெடிமருந்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் போனைத் திரும்ப வாங்கும்போதுதான் நான் அவர்களை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறேன் என்று தெரியவரும். அங்கிருந்து வேன் எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் கோபம் நன்றாக ஊறிவிடும். வேன் ஹாரன் கேட்டால் நான் பின்னறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

முதல் நாள் நாங்கள் இரண்டாம் இடம். தலைவர் என்னைப் பேர் சொல்லிப் பாராட்டினார். சாயங்காலம் வாசலில் வந்து நின்றவர்கள் கேட்டது வேறு. "ஏலே, ஒத்த ஆளக்கூடச் சுடலயே, எதுக்குலே துப்பாக்கி வச்சிருக்க?" மூன்று முறை தூக்கிவிட்டதைச் சொன்னேன். ஒருவர் தன் போனை எடுத்து, அந்த ஆப்பில் எதற்கு எவ்வளவு என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். தூக்கிவிடுவதற்கு ஒன்றும் இல்லை. புகைக்கு ஒன்றும் இல்லை. பிழைத்துக் கிடந்ததற்குக் கொசுறாக ஏதோ இருந்தது.

சோறு போட்டுக்கொண்டிருந்த மதினி இதைக் கேட்டுவிட்டு, அண்ணனைப் பார்க்காமலே சொன்னார்: "கம்பெனில தீப்பிடிச்சன்னைக்கி ஒங்க அண்ணன இழுத்து வெளிய போட்டாகள்ல, அவுகளுக்கு மட்டும் யாரு பாயிண்ட் போட்டா? நீங்க சாப்புடுங்க தம்பி." அண்ணனின் இடது முன்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது, தோல் இழுத்துப் பிடித்த மாதிரி. அவர் அந்தக் கையாலேயே தட்டை நகர்த்திவிட்டு, மறுநாள் யாரைப் போடலாம் என்று பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்றும் முழுதாக ஆறவில்லை.

முதலில் கேப்டன் பதவி போனது. அடுத்து டீமிலிருந்தே எடுத்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் யார் யாரை எடுத்திருக்கிறார்கள் என்று அந்த ஆப்பில் எவரும் பார்க்கலாம். நான் அண்ணனின் டீமைத் திறந்து பார்த்தேன். மும்பைப் பையன் ஒருவன் கேப்டன். நான் இல்லை. பார்த்திருக்கக் கூடாது, ஆனால் பார்த்தேன். அண்ணனிடம் கேட்டதற்கு அவருக்குத் துளிக்கூடச் சங்கடமில்லை. "அண்ணன் தம்பி வேறலே, டீம் வேற. நீ நாலு பேரச் சுட்டுக் காட்டு, நாளைக்கே போடுறேன்."

ஆடும்போது இது தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. விழுந்தவனைத் தூக்கும் அந்தச் சில நொடிகள் சும்மா போகிற நேரமாகத் தோன்ற ஆரம்பித்தன. எவனாவது முதுகைக் காட்டி ஓடினால் என் விரல் தானாகத் துடித்தது. "என்ன ப்ரோ, கொஞ்சம் லேட்டா வர்றீங்க?" என்று தலைவர் கேட்டார். நெட் சரியில்லை என்றேன்.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் பட்டாசுக் கம்பெனியில் வேலை கிடையாது. வேன்காரர்கள் பாதிப் பேர் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து, நேரலையைப் போனில் போட்டுச் சுவரில் சாய்த்து வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். நேரலை சில நிமிடம் பிந்தித்தான் வரும். அண்ணன் மட்டும் பின்னறைக்கு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "இன்னைக்கு ஒன்னத்தாம்லே கேப்டனாப் போட்டிருக்கோம், அம்புட்டுப் பேரும்" என்றார்.

எங்களுக்கு அன்று ஜெயிக்கக்கூட வேண்டாம். கடைசி ஐந்து அணிகளுக்குள் உயிரோடு இருந்தால் போதும். "யாரையும் துரத்தாதீங்க ப்ரோ, என் பின்னாடியே இருங்க" என்று தலைவர் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

ஏழு அணிகள் மிச்சம் இருந்தபோது தலைவர் அடிபட்டு விழுந்தார். சுவர் ஓரமாக, என்னிடமிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். "இங்க இருக்கேன், வாங்க" என்றது காதில் குரல். அதே நேரம் மேட்டில் எதிரணிக்காரன் ஒருவன் மறைவில்லாமல் ஓடினான். "அந்தா ஓடுறாம்லே, சுடு" என்று அண்ணன் என் தோளைப் பிடித்தார். சுட்டேன். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். அவனையும் சுட்டேன். மூன்றாவது ஆளைத் துரத்தி மேடேறினேன். "ப்ரோ, ப்ரோ" என்று கேட்டுக்கொண்டிருந்த குரல் ஓர் இடத்தில் நின்றுபோனது. நான்காவது ஆளையும் சுட்டேன்; அதோடு அந்த அணி முடிந்தது, மிச்சம் ஆறு. அதற்குள் எங்கள் மற்ற இருவரும் போய்விட்டார்கள், பிறகு நான். இன்னொரு அணி மட்டும் எங்களுக்கு முன்னால் போயிருந்தால் தாண்டியிருப்போம்.

நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். முன்னறை நேரலையில் அப்போதுதான் நான் சுட்ட முதல் ஆள் விழுந்தான். சத்தம் கூரையைத் தூக்கியது. இரண்டாவது ஆளுக்கு யாரோ விசிலடித்தார். நான் தோற்று முடிந்த பிறகு, ஒவ்வொன்றாக, நான்கு பேருக்கும் கை தட்டினார்கள். அண்ணன் ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டார். சுட்டது என் கைதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்தக் கையைப் பழக்கியவர்கள் முன்னறையில் இருந்தார்கள்.

தலைவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "நல்ல பாயிண்ட்ஸ் ப்ரோ." அந்த ஆப்பை அவரும் பார்ப்பார் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. சற்று நேரத்தில் அணியின் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் அண்ணன் எண்ணெய் பரோட்டா வாங்கி வந்தார். ஜெயித்த காசு. "இனிமே இப்படியே ஆடுலே" என்றார். நான் தின்றேன், பசித்தது. ஆட்டத்தின்போது டீ கொண்டுவந்த மதினியும் கொஞ்ச நேரம் என் பின்னால் நின்று பார்த்திருந்தார். "ஒரு பையன் தவந்துக்கிட்டே கெடந்தானே தம்பி, அவன் என்ன ஆனான்?" என்று கேட்டார். செத்துட்டான் மதினி என்றேன். 

பத்து நாள் கழித்து நானும் வேனில் ஏறினேன். கம்பெனி வாசலில் வரிசையில் நிற்கும்போது அண்ணன் அவசர அவசரமாக அன்றைய டீமைப் போட்டுக்கொண்டிருந்தார். வேறொரு போட்டி, எங்கள் பழைய அணியும் அதில் ஆடியது. என் இடத்தில் ஒரு புதுப்பையன், வயது பதினெட்டு இருக்கும், படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். எட்டரை கிரெடிட்.

"இவன் எப்படிலே, ஒனக்குப் பதிலா வந்தவன்? கேப்டனாப் போடலாமா?"

அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"வேண்டாண்ணே. அவன் யாரையும் சுட மாட்டான். போடாதீக."

உள்விஷயம் தெரிந்த ஆள் சொன்னது என்று அண்ணன் பின்னால் நின்றவர்களிடமும் சொன்னார். எல்லோரும் அவனைத் தங்கள் டீமிலிருந்து நீக்கிவிட்டார்கள். காவலாளி கையை நீட்டினார். அண்ணன் தன் போனைக் கொடுத்தார், அவருக்குப் பின்னால் நான் என்னுடையதைக் கொடுத்தேன்.